கல்லணை முதல் பூம்புகார் வரை: சமதளத்தில் சைக்கிள் ஓட்டுவது சுலபமா?

வணக்கம் மக்களே! பின்னால் தெரிவது கல்லணை. விடிந்தும் விடியாத நேரம், ஆடி மாதம், தண்ணீர் திறந்துவிட்டிருக்கிறார்கள். மதகு இரைச்சலில் நான் பேசுவது கேட்கிறதா என்று தெரியவில்லை, மைக்கைக் கொஞ்சம் மேலே இழுத்துக்கொள்கிறேன். ம், இப்போது சரி.

இன்று காவிரி கூடவே கீழே போகிறோம். கல்லணையிலிருந்து பூம்புகார் வரை. திருக்காட்டுப்பள்ளி, திருவையாறு, கும்பகோணம், மயிலாடுதுறை என்று ஆற்றை ஒட்டியே போகும் மாநில நெடுஞ்சாலை ஒன்று இருக்கிறது. எண் 22. 130, 140 கிலோமீட்டர் வரும். ஒரு ஆறு நான்காகப் பிரியும் இடத்திலிருந்து அது கடலில் சேரும் இடம் வரைக்கும் ஒரே சாலையில் போகலாம் என்பது ரோடு சைக்கிள்காரர்களுக்கு எவ்வளவு பெரிய வசதி! ஆனால் பாருங்கள், நம் ஆட்களிடம் டெல்டா ரைடு என்றால் உதட்டைப் பிதுக்குவார்கள். "அங்கே என்னப்பா இருக்கு, எல்லாம் சமதளம்தானே." எல்லோருக்கும் கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவு வேண்டும், ஏற்காடு வேண்டும்.

சமதளம் சுலபம் என்று சொல்கிறவர்கள் இங்கே ஒரு முழுநாள் ஓட்டியிருக்க மாட்டார்கள். மலையில் ஏறினால் இறங்குவீர்கள், இறங்கும்போது கால் சும்மா இருக்கும். இங்கே இறக்கமே கிடையாது. திருச்சி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 80 மீட்டர்தான் உயரம், அதுவும் கடல் வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. சைக்கிளுக்கு அந்தச் சரிவு தெரியவே தெரியாது. மிதிப்பதை நிறுத்தினால் வண்டியும் நிற்கும். ஆறு மணி நேரம் ஒரே உட்காரலில் ஒரே மாதிரி மிதித்தால் முதலில் வலிப்பது தொடை இல்லை, உட்காரும் இடமும் உள்ளங்கையும்தான். அதனால் அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து நின்று மிதியுங்கள், ஹேண்டில்பாரில் கையை மாற்றிப் பிடியுங்கள்.

இதற்கு மேல் காற்று. டெல்டாவில் மேடு என்றால் அது காற்றுதான். ஆனியிலும் ஆடியிலும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக உள்ளே வரும் மேல்காற்று இந்தச் சமவெளி முழுக்க மேற்கிலிருந்து கிழக்கே தள்ளும். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்றால், நாம் கார்பன் ஃபிரேமில் உட்கார்ந்திருக்கிறோம், கேட்கவா வேண்டும். அதனால் இந்த மாதங்களில் ஆறு போகும் திசையிலேயே போங்கள். முதுகில் காற்று, 22 வேகத்துக்கு மிதிக்கிற மிதியில் 30 வரும். ஐப்பசிக்கு மேல் எல்லாம் தலைகீழ். வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வரும், அப்போது பூம்புகாரில் ஆரம்பித்து மேற்கே வாருங்கள். ஆற்றை எதிர்த்து ஓட்டலாம், காற்றை எதிர்த்து முழுநாள் ஓட்டுவது வீண் வேலை.

திருச்சியிலிருந்து வருகிறவர்கள் கல்லணைக்கு எப்படி வரவேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தென்கரையில் சர்க்கார்பாளையம், வேங்கூர் வழியாக ஒரு சாலை. வடக்கே திருவானைக்கோவில், திருவளர்ச்சோலை, உத்தமர்சீலி, கிளிக்கூடு வழியாக இன்னொன்று. என்னைக் கேட்டால் இரண்டாவதுதான். இந்தப் பக்கம் காவிரி, அந்தப் பக்கம் கொள்ளிடம், நடுவில் நீங்கள். இருபுறமும் வாழைத்தோப்பு, வெயில் ஏறினாலும் சாலையில் நிழல் விழுந்தே இருக்கும்.

சரி, கிளம்பலாம். அதற்கு முன் இந்த அணையை மட்டும் ஒரு தடவை காட்டுகிறேன். கரிகாலன் கட்டியது என்று எல்லோருக்கும் தெரியும். மணல் படுக்கையில் கல்லைப் போட்டு, அது இறங்க இறங்க மேலே அடுக்கி எழுப்பிய அணை. ஆழம் தெரியாத மணலில் அஸ்திவாரம் போடுவது எப்படி என்பதை இதைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டோம் என்று ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டனே சொல்லியிருக்கிறார். காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், 1934-இல் வந்த கல்லணைக் கால்வாய் என்று இங்கே நான்காகப் பிரிகிறது. அந்தக் கால்வாயை இந்தப் பக்கத்தில் புது ஆறு என்பார்கள். மேட்டூரில் வழக்கமாக ஜூன் 12-ஆம் தேதி திறக்கும் தண்ணீர் இங்கே வந்து சேர மூன்று நாள் ஆகும். கடைமடைக்குப் போக இன்னும் எத்தனை நாள் என்பது அந்தந்த வருடத்துச் சண்டை.

இப்போது ஓட்டிக்கொண்டே பேசுகிறேன். தோகூர் தாண்டிவிட்டோம். கரைச் சாலை இப்படித்தான், வயல் மட்டத்துக்கு மேலே எழும்பி நிற்கும், இரண்டு பக்கமும் சரிவு, பல இடங்களில் தடுப்புக் கல் கூடக் கிடையாது. எதிரே டவுன் பஸ் வந்தால் தாரின் ஓரத்துக்கு ஒதுங்குங்கள், ஆனால் தாரை விட்டு இறங்காதீர்கள். மண்ணுக்கும் தாருக்கும் நடுவே அரை அடி பள்ளம் இருக்கும், 25 மி.மீ. டயர் அதில் இறங்கினால் அவ்வளவுதான். வேகத்தடைகளிலும் பாதிக்கு வெள்ளைக் கோடு இருக்காது. ஊர்ப் பெயர்ப் பலகை கண்ணில் பட்டதுமே வேகத்தைக் குறைத்துக்கொள்வது என் பழக்கம்.

டயர் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். 28 குறைந்தபட்சம், 32 இருந்தால் நிம்மதி. காற்றை அறுபது பி.எஸ்.ஐ. பக்கம் வைத்தால் போதும், பாறை மாதிரி ஏற்றிக்கொண்டு வராதீர்கள். கொள்ளிடக் கரைப் பக்கம் சீமைக் கருவேலம் வெட்டி விறகாகக் கட்டிப்போவார்கள், முள் சாலையில் உதிர்ந்து கிடக்கும். உபரி டியூப் இரண்டு கட்டாயம். கிராமத்துப் பஞ்சர் கடையில் நம் அளவு டியூப் கிடைக்காது, ஒட்டு போட்டுத் தருவார்கள், அது நன்றாகவே நிற்கும். ரோடு சைக்கிள் டியூபில் வரும் ஒல்லியான பிரஸ்டா வால்வு என்றால் அவர்கள் பம்பு சேராது, ஒரு பித்தளை அடாப்டரைக் கைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள், எடையே கிடையாது.

இது கோவிலடி. அப்பக்குடத்தான் பெருமாள் கோயில், தினமும் அப்பம் நைவேத்தியம். கொள்ளிடம் அந்தப் பக்கம் எவ்வளவு அகலமாகக் கிடக்கிறது பாருங்கள். வெள்ளம் வந்தால் மிச்சத்தை எல்லாம் அதில்தான் தள்ளுவார்கள்.

திருக்காட்டுப்பள்ளியில் டீ. இங்கே குடமுருட்டி பிரிகிறது. பூண்டி மாதா கோயிலுக்கும் இந்தப் பக்கம்தான் போகவேண்டும்.

இனிமேல்தான் எனக்குப் பிடித்த பகுதி, இங்கே அவசரப்பட மாட்டேன். திருவையாறு முதல் சுவாமிமலை வரைக்கும் மொத்தப் பாதையிலும் இதுதான் பொன்னான துண்டு. திருவையாற்றில் தியாகராஜர் சமாதி ஆற்றங்கரையிலேயே இருக்கிறது. தை மாத ஆராதனை சமயத்தில் ரைடு வைக்காதீர்கள், ஊருக்குள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போகவேண்டியிருக்கும். மற்ற நாளில் வந்தால் அசோகா அல்வா வாங்கிச் சாப்பிடுங்கள். பாசிப்பருப்பு, நெய், சர்க்கரை. எனர்ஜி ஜெல் என்று விற்கிற வஸ்துவுக்கு இருநூறு ரூபாய் கொடுப்பவர்கள் இதை ஒரு தடவை சின்ன டப்பாவில் கொண்டுபோய்ப் பார்க்கட்டும். ஒன்று மட்டும், நெய் அதிகம், கால் கிலோ தின்றுவிட்டு மிதிக்க முடியாது.

திருவையாறு தாண்டியதும் திருப்பழனம், பக்கத்திலேயே திங்களூர், அப்புறம் கணபதி அக்ரஹாரம். இந்த ஊரில் பிள்ளையார் சதுர்த்திக்கு வீட்டில் தனியாகப் பிள்ளையார் வாங்கி வைத்துக் கும்பிடும் வழக்கம் கிடையாது, எல்லோரும் கோயிலுக்குத்தான். அடுத்து உமையாள்புரம். பெயரைச் சொன்னாலே மிருதங்கம் ஞாபகம் வரும் ஊர் இது. அப்புறம் கபிஸ்தலம். சாலை வளைந்து வளைந்து போகும், ஆறு தென்னைக்கு நடுவே வந்து முகம் காட்டிவிட்டு மறைந்துவிடும். காற்று இங்கே அவ்வளவாகத் தெரியாது, படுகையில் வாழையும் தென்னையும் கொடிக்காலும் தடுத்துவிடுகின்றன. வெற்றிலைக் கொடிக்கால் அருகில் போனால் காற்றே குளிர்ந்து வரும், கவனித்துப் பாருங்கள். கேமராவில் அது தெரியாது, வந்துதான் அனுபவிக்க வேண்டும்.

சுவாமிமலையில் சிலை வார்ப்பவர்கள் பயன்படுத்துவது இந்த ஆற்று வண்டலைத்தான். மெழுகில் உருவம் செய்து அதன்மேல் முதலில் பூசுவது காவிரி வண்டல், அவ்வளவு நைசாக இருப்பதால் மெழுகிலிருக்கும் ஒவ்வொரு கோடும் அப்படியே பதியும். பட்டறையில் கேட்டால் பார்க்க விடுவார்கள், சைக்கிள் ஷூவை வெளியே கழற்றிவிட்டுப் போங்கள்.

கும்பகோணத்தில் இட்லியும், தொட்டுக்கொள்ளக் கடப்பாவும். கடப்பா தினமும் எல்லாக் கடையிலும் கிடைக்காது, விசாரித்துப் போகவேண்டும். டிகிரி காபி பற்றி நான் சொல்லத் தேவையில்லை. நெடுஞ்சாலை ஓரத்தில் பித்தளை டபராவைப் பெரிதாக மாட்டி வைத்திருக்கும் கடைகளைப் பற்றியும் எதுவும் சொல்லப் போவதில்லை!

இனி கொஞ்சம் கஷ்டமான இடம். கும்பகோணம், மயிலாடுதுறை சாலையில் போக்குவரத்து அதிகம், தனியார் பஸ்கள் நேரம் பிடிக்கப் பறக்கும். திருபுவனம், திருவிடைமருதூர் வரை வேறு வழியில்லை, மெதுவாகப் போவோம். ஆடுதுறையில் இரண்டு யோசனை. நேராகப் போனால் நரசிங்கம்பேட்டை, நாதஸ்வரம் கடையும் ஊர். ஆச்சா மரத்தில் செய்கிறார்கள், பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் மரம்தான் நன்றாக உலர்ந்திருக்கும் என்று அதைத் தேடி வாங்குவார்கள். அடுத்தாற்போல் திருவாவடுதுறை, நாதஸ்வர வித்வான் ராஜரத்தினம் பிள்ளை ஊர். இதையெல்லாம் பார்க்கவேண்டும் என்றால் பஸ்ஸின் ஹாரனைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இன்று இடது பக்கம் திரும்புகிறேன். காவிரியைத் தாண்டி சூரியனார்கோவில், கஞ்சனூர், கதிராமங்கலம், மறுபடி ஆற்றைக் கடந்து குத்தாலம். சின்னச் சாலை, வண்டியே இல்லை. கதிராமங்கலம் 2017-இல் செய்தியில் அடிபட்ட ஊர், எண்ணெய்க் குழாய் கசிந்து மக்கள் போராடினார்கள். அந்தப் பச்சை வயலைப் பாருங்கள், குறுவை நட்டு நன்றாகத் தூர் கட்டியிருக்கிறது.

இந்தக் குறுவை புரட்டாசிக்கு அறுவடைக்கு வரும். அப்போது வந்தால் சாலையில் பாதி உங்களுக்கு இல்லை, நெல்லுக்கு. தாரின் ஒரு பக்கம் முழுக்கக் காயப்போட்டு, ஓரத்தில் கல்லை அடுக்கி வைத்திருப்பார்கள். சில சைக்கிள்காரர்கள் எரிச்சல்படுவதைப் பார்த்திருக்கிறேன். களம் போதாது, கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் கூடுதல் என்றால் எடுக்க மாட்டார்கள், மழை எந்த நேரமும் வரும், அவர்கள் வேறு எங்கே போய்க் காயவைப்பது? நாம் பொழுதுபோக்குக்கு ஓட்டுகிறோம். நெல்மேல் டயரை விடாதீர்கள், அது அவர்களுக்கு நஷ்டம், உங்களுக்கும் சறுக்கும். சம்பா அறுவடையான தை, மாசியிலும் இதே கதைதான். ஆனால் வெயில் தணிந்து, பனி இறங்கி, ஓட்டுவதற்கு வருடத்திலேயே நல்ல நேரமும் அதுதான். வைக்கோல் செயினில் சுற்றிக்கொள்ளும், அதை மட்டும் அவ்வப்போது பாருங்கள். பங்குனி முதல் வைகாசி வரை வரவேண்டாம். மேட்டூரை வழக்கமாக ஜனவரி 28-இல் மூடிவிடுவார்கள், ஆற்றில் மணல்தான் இருக்கும், வெயில் ஆளை உரித்துவிடும்.

மயிலாடுதுறை தாண்டிவிட்டோம். மரம் குறைந்துவிட்டது, வெட்டவெளி. இப்போதுதான் காற்று முதுகில் நிஜமாகக் கை வைக்கிறது. மீட்டரைக் காட்டுகிறேன், 34! மதியத்துக்கு மேல் கடல்காற்று எதிரே கிளம்பும், அதற்குள் போய்ச் சேர்ந்துவிடவேண்டும். தண்ணீரும் இங்கே கவனம், அடுத்தடுத்துக் கடை இருக்காது. இளநீர் கிடைத்தால் குடியுங்கள், மோரில் உப்புப் போட்டு ஒரு பாட்டில் நிரப்பிக்கொள்ளுங்கள்.

மேலையூர் கடையணை வந்தாச்சு. நிறுத்துகிறேன், இதைக் காட்டியே ஆகவேண்டும். இதுதான் காவிரி. ஆமாம், இவ்வளவுதான். முழுவதும் சைக்கிளில் வந்ததால் ஆறு எப்படி இப்படிச் சுருங்கியது என்பதைக் கண்ணால் பார்த்தோம். திருச்சியில் அக்கரை மங்கலாகத் தெரிந்த ஆறு, ஒவ்வொரு மதகிலும் வாய்க்கால் தலைப்பிலும் பிரிந்து பிரிந்து வயலுக்குப் போய், கடலுக்கு வரும்போது வாய்க்கால் அளவில் இருக்கிறது. மற்ற ஆறுகள் போகப் போக அகலமாகும், இது கொடுக்கக் கொடுக்கக் குறைகிறது. காரில் வந்திருந்தால் இந்தப் பாலத்தைக் கவனித்திருக்கவே மாட்டேன்.

பூம்புகார் இன்னும் கொஞ்ச தூரம்தான், போய்ச் சேர்ந்ததும் கடலைக் காட்டுகிறேன்.

திரும்புவது எப்படி என்று கேட்பீர்கள். மேல்காற்றை எதிர்த்து ஓட்டித் திரும்பாதீர்கள், மயிலாடுதுறை வந்து ரயில் ஏறுங்கள். கும்பகோணம், தஞ்சாவூர் வழியாகத் திருச்சிக்கு வண்டி இருக்கிறது. சைக்கிளைப் பார்சல் அலுவலகத்தில் பதிவு செய்யவேண்டும். எல்லா ரயிலிலும் பார்சல் பெட்டி இருக்காது, எதில் ஏற்றுவார்கள் என்று முதல் நாளே நேரில் போய்க் கேட்டுக்கொள்ளுங்கள். டேங்க், இன்ஜின் எதுவும் இல்லை, வெறும் சைக்கிள்தான் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள், இல்லையென்றால் மோட்டார் சைக்கிள் என்று நினைத்துப் பெட்ரோலை இறக்கச் சொல்வார்கள். பெடலைக் கழற்றி வையுங்கள், பின் கியர் பக்கம் ஒரு பழைய துணியைச் சுற்றுங்கள்.

அடுத்த ரைடு கும்பகோணத்திலிருந்து வடக்கே, நீலத்தநல்லூர் பாலம் வழியாகக் கொள்ளிடத்தைத் தாண்டி கங்கைகொண்ட சோழபுரம், திரும்பும்போது அணைக்கரை. கொள்ளிடக் கரைச் சாலை இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று அந்தப் பக்கத்து ஆட்கள் யாராவது எழுதுங்கள், அதைப் பார்த்து டயரை முடிவு செய்கிறேன். வருகிறேன் மக்களே, காற்று மாறுவதற்குள் கிளம்பவேண்டும்.