புரதத்தின் முகவரி

நேயர்களுக்கு வணக்கம்.

இன்சுலின் கணையத்தின் பீட்டா செல்லுக்குள் உருவாகிறது. ஆனால் அதற்கு வேலை வெளியே, இரத்தத்தில். அதே செல்லில் உருவாகும் வேறொரு புரதம் உட்கருவுக்குள் போக வேண்டும், இன்னொன்று மைட்டோகாண்ட்ரியாவுக்கு. எது எங்கே போவது என்று யார் சொல்கிறார்கள்?

தனியாக யாரும் சொல்வதில்லை. போகவேண்டிய இடம் புரதத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. 1971-இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் குந்தர் புளோபெல், டேவிட் சபாட்டினி இருவரும் இதை முன்வைத்தபோது அது ஊகம்தான். துணிச்சலான ஊகம் என்பேன். 1975-இல் சக ஆய்வாளர் டோபர்ஸ்டைனுடன் சேர்ந்து சோதனைக் குழாயில் அதற்குச் சான்று காட்டினார் புளோபெல். 1999-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இன்சுலின் முதலில் 110 அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலியாக உருவாகிறது. அதில் முதல் 24 முகவரியாகவே செலவாகிவிடுகின்றன. புரதச் சங்கிலியைக் கோக்கும் ரைபோசோமிலிருந்து அந்த முனை தலைகாட்டியதும், ஆறு புரதங்களும் ஓர் ஆர்.என்.ஏ.வும் சேர்ந்த துகள் ஒன்று அதைப் பற்றிக்கொள்கிறது. கடிதத்தை எழுதி முடிக்கும் முன்பே தபால்காரர் வந்து கையைப் பிடிப்பதுபோல! சங்கிலி வளர்வது சற்றுத் தடைபடுகிறது. துகள் ரைபோசோமையே, செல்லை விட்டு வெளியேறும் புரதங்கள் முதலில் நுழையும் எண்டோபிளாச வலையின் சவ்வுக்குக் கொண்டுபோய் ஒரு நுண்துளையின்மேல் சேர்க்கிறது. உற்பத்தி மறுபடி தொடங்க, வளர வளரச் சங்கிலி உள்ளே நுழைகிறது. வேலை முடிந்த முகவரித் துண்டை ஒரு நொதி வெட்டிவிடுகிறது.

உட்கருவுக்கான முகவரியை அப்படி வெட்டுவதில்லை. செல் பிரியும்போது உட்கருவின் உறை கலைந்து, உள்ளிருந்த புரதங்கள் வெளியே சிதறுகின்றன. அவை மீண்டும் உள்ளே வர வேண்டுமே!

முகவரி தவறினால்? கல்லீரலில் அலனின் கிளையாக்சிலேட் அமினோட்ரான்ஸ்ஃபெரேஸ் என்றொரு நொதி உண்டு. பெயர் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். அது இருக்கவேண்டிய இடம் பெராக்சிசோம் என்ற, செல்லுக்குள் இருக்கும் சிறு அறை. சிலருக்கு இந்த நொதியில் இரண்டு அமினோ அமிலங்கள் மாறியிருக்கின்றன. அதனால் பெரும்பகுதி மைட்டோகாண்ட்ரியாவுக்குப் போய்விடுகிறது. அங்கேயும் அது வேலை செய்யும் நிலையில்தான் இருக்கிறது. ஆனால் அது மாற்றவேண்டிய கிளையாக்சிலேட் என்ற வேதிப்பொருள் பெராக்சிசோமில் தேங்கி, ஆக்சலேட்டாக மாறி, சிறுநீரகத்தில் கல்லாகப் படிகிறது. நொதி கெட்டுப்போனால்தான் நோய் என்று எண்ணிக்கொண்டிருப்பவர்களுக்கு இது புதிதாக இருக்கும்.

இத்தகைய நோயாளிகள் சிலருக்கு பி6 வைட்டமின் கொடுத்தால் ஆக்சலேட் குறைகிறது. நொதி சரியாக மடிந்து, பெராக்சிசோமுக்குக் கூடுதலாகப் போய்ச்சேர அது உதவுகிறது.

நன்றி, வணக்கம்.