கிழங்கின் நஞ்சைக் காட்டும் மஞ்சள் தாள்

நேயர்களுக்கு வணக்கம்.

மரவள்ளித் தழையையும் தோலையும் ஆடு மாடு வயிறு முட்டத் தின்றால் உயிருக்கே ஆபத்து என்பது ஆத்தூர், தலைவாசல் பக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். காரணம் ஹைட்ரஜன் சயனைடு. கிழங்கில் அது லினமாரின் என்ற சேர்மத்துக்குள் கட்டுண்டு கிடக்கிறது. வெட்டினாலோ அரைத்தாலோ செல்கள் உடைந்து, கிழங்கிலேயே இருக்கும் நொதி லினமாரினைச் சிதைக்க, சயனைடு வெளியே வருகிறது. சுமார் 26 டிகிரியிலேயே கொதிக்கும் பொருள் அது. சேலத்துச் சூட்டில் சுலபமாக ஆவியாகிவிடும். அந்த ஆவியைத் தாளில் ஏற்றிய ஒரு சாயத்தால் பிடித்து அளக்கலாம்.

பிக்ரேட் தாள் என்று அதற்குப் பெயர். ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தின் ஹோவர்டு பிராட்பரி குழுவினர் இதைக் கிராமத்திலும் செய்யத்தக்க சோதனையாக வடிவமைத்தார்கள். 2.5 சதவீத சோடியம் கார்பனேட் கரைசலில் 1.4 சதவீதம் பிக்ரிக் அமிலம் கலந்து, தடித்த வடிதாளை நனைத்து, காற்றில் உலர்த்தினால் பளிச்சென்ற மஞ்சள் தாள் கிடைக்கும். காய்ந்த பிக்ரிக் அமிலத் தூள் வெடிக்கக்கூடியது. புட்டியின் மறையில் படிந்து காய்ந்திருந்தால், மூடியைத் திருகும் உரசலே போதும். ஆகவே தாள் தயாரிப்பது பயிற்சி பெற்றவர்கள் ஆய்வகத்தில் செய்ய வேண்டிய வேலை; வீட்டில் முயலவே கூடாது.

வடிதாள்தான் வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. கரைசலைக் கிண்ணத்தில் வைத்தால் மேல்பரப்பு மட்டுமே ஆவியைத் தொடும். நாரும் துளையுமான தாளில் அதே கரைசல் மெல்லிய படலமாக விரிந்துவிடுகிறது. ஆவி எல்லாப் பக்கமும் நுழைகிறது. அங்கே இருக்கும் கார்பனேட் சயனைடைப் பிடித்து நிறுத்த, பிக்ரேட் அதோடு வினைபுரிந்து செம்பழுப்பாகிறது.

சோதனை இப்படி. சிறிய பிளாஸ்டிக் புட்டியின் அடியில், அமில-காரத் தன்மை மாறாமல் காக்கும் பஃபர் கரைசல் ஏற்றிய வட்டத் தாள். அதன்மேல் கிழங்கின் நடுப்பகுதியிலிருந்து ஒன்றரை மில்லிமீட்டர் கனத்தில் சீவிய துண்டு, எடை 100 மில்லிகிராம். அரை மில்லிலிட்டர் தண்ணீர். பிளாஸ்டிக் பட்டையில் ஒட்டிய பிக்ரேட் தாளை உள்ளே நிறுத்தி உடனே மூடிவிட வேண்டும். தாளில் தண்ணீர் படக் கூடாது. 30 டிகிரி அளவில் 16 முதல் 24 மணி நேரம் விட்டு, நிற அட்டையோடு ஒப்பிட வேண்டும். அட்டை 0 முதல் 800 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் இத்தனை பங்கு, வரை காட்டும். துல்லியம் வேண்டுமென்றால் தாளை 5 மில்லிலிட்டர் தண்ணீரில் அரை மணி ஊறவைத்து, 510 நானோமீட்டர் அலைநீளத்தில் அந்த நீரின் ஒளி உறிஞ்சலை அளந்து 396-ஆல் பெருக்கினால் பிபிஎம் வந்துவிடும். மாவாக இருந்தால் நொதியைத் தனியே சேர்க்க வேண்டும். பதப்படுத்தும்போதே கிழங்கின் சொந்த நொதி செயலிழந்திருக்கலாம். உண்ணும் மரவள்ளி மாவுக்குக் கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர அமைப்பு விதித்த வரம்பு 10 பிபிஎம்.

தவறு நேர்வது பெரும்பாலும் மூடியில்தான். இறுக்கம் போதாவிட்டால் ஆவி வெளியேறி, நஞ்சுள்ள கிழங்கும் நல்ல கிழங்காகத் தெரியும். இதைவிடப் பெரிய ஆபத்து சோதனையில் கிடையாது. அடுத்தது குளிர். ஏற்காட்டில் மார்கழி இரவில் ஜன்னலோரம் வைத்த புட்டியில் நொதி மந்தமாக இயங்கும், நிறம் முழுதாக ஏறாது. கதகதப்பான இடத்தில் வையுங்கள். கிழங்கு போடாத வெற்றுப் புட்டி ஒன்றும் பக்கத்தில் இருக்கட்டும். அதிலுள்ள தாளே பழுப்பேறியிருந்தால் தாள் பழசு. ஒரே செடியின் கிழங்குகளுக்குள்ளும் அளவு மாறுபடும் என்பதால், ஒரு கிழங்கை வைத்து வயல் முழுவதையும் தீர்மானிப்பது தப்பு.

சேகோ (ஜவ்வரிசி) ஆலைக் கழிவுநீரிலும், மாவு எடுத்தபின் மிஞ்சும் சக்கையான திப்பி ஊறிக் கிடக்கும்போதும் வேறொரு சிக்கல். அங்கே அழுகலால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்புகிறது. சல்பைடும் பிக்ரேட்டைச் சிவப்பாக்கும். அப்போது சயனைடு இல்லாமலே தாள் 'இருக்கிறது' என்று சொல்லிவிடும். லெட் அசிடேட் ஏற்றிய தாளை ஈரப்படுத்தி, அதே கழிவுநீரோ திப்பியோ போட்ட இன்னொரு புட்டியில் கூடவே வையுங்கள். அது கறுத்தால் பிக்ரேட் காட்டும் நிறத்தை நம்ப வேண்டாம். லெட் அசிடேட் ஈய நஞ்சு, கை கழுவாமல் சாப்பிடக் கூடாது. ஆழமான தொட்டியில் இறங்கலாமா என்பதை இந்தத் தாள்களை வைத்து முடிவு செய்யவே கூடாது. அதற்கு வாயு அளவி வேண்டும். அழுகிய முட்டை வாடை நின்றுவிட்டது என்று இறங்குவதும் கூடாது. 100 பிபிஎம் அளவிலேயே மூக்கு மரத்துப் போகும்.

ஒரு சாயம் ஏமாறும் இடத்தில் பல சாயங்கள் சேர்ந்து உதவும். இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தின் கென்னத் சஸ்லிக் குழு 2000-இல் இதைக் காட்டியது. வெவ்வேறு உலோகங்கள் கொண்ட, போர்ஃபிரின் என்ற வளைய வடிவ மூலக்கூறுச் சாயங்களைப் புள்ளிகளாக வரிசையில் இட்டு, ஆவி படுமுன்னும் பட்டபின்னும் ஸ்கேனரில் படமெடுத்து, நிற வித்தியாசத்தைக் கணக்கிட்டார்கள். எந்தப் புள்ளி எவ்வளவு மாறுகிறது என்ற கோலமே அந்த ஆவியின் அடையாளம். பிற்பாடு சாயங்களை நுண்துளைச் சிலிக்காவுக்குள் அடைத்தார்கள். தண்ணீரை ஒட்டவிடாத கரிமத் தொகுதிகளைச் சிலிக்காவில் சேர்த்ததால், காற்றின் ஈரம் நிறத்தைக் குழப்புவது வெகுவாகக் குறைந்தது. மழைக்காலச் சேர்வராயன் மலையில் இது பெரிய அனுகூலம்.

கைபேசியில் தாளைப் படமெடுத்து ஒப்பிடுபவர்கள், அதே சட்டத்துக்குள் ஒரு வெள்ளைத் தாளையும் நிற அட்டையையும் சேர்த்தே எடுங்கள். காலை வெயிலும் குழல்விளக்கும் ஒரே பழுப்பை இரண்டு விதமாகக் காட்டும்.