பூனைக்கு விளையாட்டு

(வெள்ளவத்தையில் ஓர் இலக்கிய வட்டத்தின் மாதாந்தக் கூட்டத்தில், 'நகைச்சுவைப் படங்களில் தன்பாலீர்ப்பாளர்' என்ற தலைப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சில் தவறிய ஓரிரு வரிகளைச் சேர்த்திருக்கிறேன். சொன்ன எதையும் நீக்கவில்லை.)

கூட்டத்துக்குத் தலைமை தாங்குவதோடு நில்லாமல் மண்டப வாடகையில் பாதியையும் தாங்கியிருக்கும் தலைவர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் ஓய்வுபெற்ற மேல் நீதிமன்ற நீதிபதி அவர்களே, ஐயா, உங்கள் மன்றில் ஒன்பது ஆண்டுகள் நான் வாய் திறந்ததெல்லாம் பிறருடைய சொற்களைச் சொல்வதற்காகத்தான். இன்று சொந்தச் சொற்களோடு வந்திருக்கிறேன். ஆட்சேபம் இருந்தால் கடைசியில் எழுப்புங்கள். பேராசிரியர் அம்மையார் அவர்களே, பம்பலப்பிட்டியிலிருந்து இந்த மழையிலும் வந்திருக்கும் மருத்துவர் தம்பதியரே, பின்பக்கம் றோல்ஸ் வாசம் வரத் தொடங்கிய பிறகும் கதிரையை விட்டு எழும்பாத பெருமக்களே, எல்லோருக்கும் வணக்கம்.

ஐந்து திரி உள்ள குத்துவிளக்குக்கு எட்டுப் பிரமுகர்களை அழைத்திருந்தார்கள். யாரையும் குறை சொல்லவில்லை. எட்டாவது பெரியவர் ஏற்றுவதற்குத் திரி இல்லாமல் மெழுகுவர்த்தியோடு நின்றபோது மின்விசிறி ஒரு திரியை அணைத்து அவருக்கு வழிவிட்டது. அதன் பிறகு செயலாளர் விசிறியையே நிறுத்திவிட்டார். விளக்கு எரிகிறது, நாங்கள் வேகிறோம். இதற்கு மேல் எனக்கொரு பொன்னாடையும் போர்த்தியிருக்கிறீர்கள். சூட்டோடு சூடாகத் தொடங்குகிறேன்.

ஐந்து விடயங்களைப் பற்றிப் பேச எண்ணியிருக்கிறேன். ஒன்று, சொல். இரண்டு, காட்சி. மூன்று, அந்தக் காட்சியை எழுதுகிறவர். நான்கு, சிங்கள நகைச்சுவைப் படங்களோடு ஓர் ஒப்பீடு. ஐந்து, வீட்டில் பிள்ளைகளோடு இருந்து இப்படிப்பட்ட படம் பார்க்கும்போது நாம் என்ன செய்வது. இந்த ஐந்துக்கும் சேர்த்து என் அம்மம்மா ஒரு பழமொழி வைத்திருந்தார்: பூனைக்கு விளையாட்டு, எலிக்குச் சீவன் போகிறது. இதை இன்று நீங்கள் பல தடவை கேட்பீர்கள். முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் சொல். எங்கள் பத்திரிகைகள் இன்னும் 'ஓரினச்சேர்க்கை' என்றே எழுதுகின்றன. மனிதரில் படுக்கையைத் தவிர வேறெதையும் காணாத சொல் அது. மாடும் மாடும் ஓரினம், நானும் தலைவரும் ஓரினம். இதில் என்ன செய்தி இருக்கிறது? 'தன்பாலீர்ப்பு' என்று அழகான சொல் இருக்கிறது. அதில் ஈர்ப்பு இருக்கிறது, மனம் இருக்கிறது. இதைப் பற்றி ஆசிரியருக்குக் கடிதங்களாக இதுவரை பதினான்கு எழுதியிருக்கிறேன். மூன்றை வெளியிட்டார்கள். அந்த மூன்றிலும் நான் எழுதிய 'தன்பாலீர்ப்பு' என்பதை 'ஓரினச்சேர்க்கை' என்று திருத்தி வெளியிட்டார்கள்.

இனிக் காட்சி. தமிழ் நகைச்சுவைப் படத்தில் அந்த மனிதர் எப்படி வருகிறார்? கதவு திறக்கும். முதலில் ஒரு மணிக்கட்டு வரும், பிறகுதான் ஆள் வருவார். பூப்போட்ட சட்டை. பின்னணியில் வீணையோ வயலினோ ஒரு தடவை வழுக்கி விழும். கதாநாயகன் இரண்டடி பின்வாங்குவான். அவனுடைய நண்பன் முழங்கையால் இடிப்பான். மண்டபம் சிரிக்கும். அவ்வளவுதான், காட்சி முடிந்தது. அந்த மனிதருக்குப் பெயர் இல்லை, வீடு இல்லை, தாய் இல்லை, மாதக் கடைசியில் கைச்செலவுக்குத் தட்டுப்பாடும் இல்லை. நமது நகைச்சுவையில் திருடனுக்குக்கூட ஒரு தங்கை இருப்பாள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஆணை நேசிக்கும் ஆண் ஒருவர். திருநங்கை வேறொருவர். வேலைக்காகவோ காதலுக்காகவோ சேலை கட்டி நடிக்கும் கதாநாயகன் மூன்றாமவர். மூவரும் மூன்று பேர். படத்திலோ ஒரே சட்டியில் ஒரே குழம்பு. 2015ஆம் ஆண்டு 'ஐ' வந்தபோது, அதில் ஒப்பனைக் கலைஞராக வரும் திருநங்கைப் பாத்திரத்தை நடத்தியிருந்த விதத்தை எதிர்த்துச் சென்னையில் திருநங்கையர் குரல் எழுப்பினார்கள். அதற்கு ஐந்து வருடம் முன்பு, 2010இல், 'கோவா'வில் ஆண் இணையர் இருவர் வருகிறார்கள். அங்கும் கேலி உண்டு. ஆனாலும் ஊடலும் பொறாமையுமாக அவர்கள் இருவரும் ஒரு குடும்பம்போல் இருந்தார்கள். என் கணக்கில் அது முக்கால் படி ஏற்றம்.

ஆண் சேலை கட்டினால் சிரிப்பு வரத்தான் செய்யும் என்று யாராவது சொல்வதானால், அவர் யாழ்ப்பாணத்து இசை நாடகம் பார்த்ததில்லை. மயான காண்டத்தில் சந்திரமதியாக வந்தவர் ஆண்தான். பிள்ளையை மடியில் போட்டு அவர் பாடியபோது, கோயில் வீதியில் பாய் விரித்திருந்த பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். சிரித்தவர் எவருமில்லை. சேலை அதே சேலைதான்.

இந்தியில் வேறொரு உத்தி. 2003இல் வந்த 'கல் ஹோ நா ஹோ'வில் இரண்டு ஆண்கள் எதேச்சையாக நெருங்கி இருக்கும்போதெல்லாம் வீட்டுப் பணிப்பெண் கதவைத் திறந்துவிடுவார், அதிர்ந்துபோவார். அப்படி ஒன்றுமே இல்லை என்பதுதான் நகைச்சுவை. 2008இல் 'தோஸ்தானா'. வாடகைக்கு வீடு கிடைப்பதற்காக இரண்டு ஆண்கள் காதலர்போல் நடிக்கிறார்கள். தாய் முதலில் ஒப்பாரி வைக்கிறாள், பிறகு மருமகளை ஏற்பதுபோல் ஏற்றுக்கொள்கிறாள். அந்தத் தாயை எனக்குப் பிடித்தது. ஆனால் அவள் ஏற்றுக்கொண்டது பொய்யை. உண்மையாகவே அப்படியிருந்தால் அது நகைச்சுவைப் படமாக அன்று வந்திருக்காது. பூனைக்கு விளையாட்டு.

சரி. இப்போது ஒரு கதை. தலைவர் மணிக்கூட்டைப் பார்க்கிறார், சுருக்கமாகவே சொல்கிறேன்.

நான் படித்த பாடசாலை கொழும்பில். எந்தப் பாடசாலை என்று சொல்லமாட்டேன், பழைய மாணவர் மூன்று பேர் இங்கே இருக்கிறார்கள். தமிழ் மூல வகுப்பும் சிங்கள மூல வகுப்பும் தனித்தனி. ஆண்டுக்கு ஒருநாள்தான், இல்ல மெய்வல்லுநர் போட்டியன்று, எல்லோரும் ஒரே மைதானத்தில். என் வாங்கில் என்னோடு இருந்த நண்பன் நீளம் பாய்தலில் கெட்டிக்காரன். அவனுடைய தந்தை புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் ஒரு மொத்தக் கடையில் கணக்கப்பிள்ளை. அரை நாள் விடுப்பு எடுத்து, சலவை வேட்டியும் கைக்குடையுமாக வந்து பெற்றோர் கொட்டகையில் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவருடைய பெயர் பொன்னையா.

சிரிக்கிறீர்கள். சிங்களம் தெரிந்தவர்கள் முதலில் சிரித்தீர்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பெண் சாயல் உள்ள ஆணையும் ஆணை நேசிக்கும் ஆணையும் ஒரே மூச்சில் இழிவுபடுத்தும் வசை ஒன்று சிங்களப் பேச்சு வழக்கில் இருக்கிறது. எங்கள் ஊரில் தெருவுக்கு ஒரு பாட்டனாருக்கு இருந்த அருமையான இந்தப் பெயரும் அந்த வசையும் காதுக்கு ஒன்றுபோலவே கேட்கும்.

வகுப்பில் என் நண்பன் தந்தையின் பெயரை 'பொ.' என்ற ஓரெழுத்துக்குள் ஒளித்து வைத்திருந்தான். அன்றைக்கு ஒலிபெருக்கியில் பெயர் வாசித்தவர் ஒரு சிங்கள ஆசிரியர், நல்ல மனிதர். அவர் கையில் இருந்த பட்டியலில் முழுப்பெயர் இருந்தது. தந்தை பெயரை முதலில், தெளிவாக, நிறுத்தி வாசித்தார். அரைக் கணம் மைதானம் அமைதி. பிறகு எழுந்த சிரிப்பு காலி வீதி வரைக்கும் கேட்டிருக்கும். ஆசிரியருக்கே அப்போதுதான் விளங்கியது. திருத்துகிறேன் என்று இன்னொரு தடவை வாசித்தார். சிரிப்பு இரட்டித்தது. மணல் குழிக்கு முன்னால் என் நண்பன் காற்சட்டை ஓரத்தைப் பிடித்தபடி நிற்கிறான். கொட்டகையில் பொன்னையர் எழுந்தார். குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நான்கு பக்கமும் திரும்பி, இரண்டு கையும் கூப்பிக் கூட்டத்துக்கு வணக்கம் சொன்னார். தன் பெயருக்குக் கிடைத்த வரவேற்பு என்று நினைத்துவிட்டார், பாவம், என்று எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இல்லையென்று சொன்னால் பொய்.

நண்பன் அன்று பாயவில்லை. அடுத்த வருடம் போட்டிக்குப் பெயர் கொடுக்கவுமில்லை.

பல வருடம் கழித்து, பொன்னையர் கொட்டாஞ்சேனையில் மகள் வீட்டில் படுக்கையாக இருந்தபோது பார்க்கப் போனேன். பேச்சோடு பேச்சாகக் கேட்டார்: "தம்பி, அன்றைக்கு மைதானத்தில் ஏன் சிரித்தார்கள்?" ஒலிபெருக்கியில் ஏதோ கோளாறு ஐயா என்றேன். அவர் என் கையைத் தட்டினார். "முப்பது வருடம் புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமைக்காரரோடு கணக்குப் பார்த்தவன் நான். எனக்குச் சிங்களம் தெரியாதா? பிள்ளை தனியாக நின்றான், அதுதான் எழுந்தேன்."

இதிலே நீங்கள் ஒன்றை நினைக்க வேண்டும். என் நண்பன் தன்பாலீர்ப்பாளன் அல்லன். மூன்று பேரப்பிள்ளைகளோடு கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிறான். பெயர் ஒலி ஒத்திருந்ததற்கே இந்தப் பாடு. உண்மையாகவே அப்படிப்பட்ட பிள்ளை ஒருவன் அன்று அந்த மைதானத்தில் இருந்திருப்பான். எங்களோடு சேர்ந்து அவனும் சிரித்திருப்பான், யாரையும்விடச் சத்தமாக. இன்றைக்குத் திரையரங்கிலும் அவன் இருக்கிறான், கச்சான் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு. எலிக்குச் சீவன் போகிறது.

இந்தச் சிரிப்புக்கு அனுமதிப்பத்திரம் கொடுத்தது யார் என்பதுதான் என் கேள்வி. நடிகரா? எழுதியவரா? நான் 31 வருடம் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பு முதலியாராக இருந்தவன். எனக்குப் பூனையை வளர்க்கும் வீடு தெரியும். அதன் இலக்கம் 365, 365அ.

1883ஆம் ஆண்டின் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை. வெள்ளைக்காரர் எழுதியது. 365ஆம் பிரிவு 'இயற்கை ஒழுங்குக்கு மாறான' உறவுக்குப் பத்து வருடம் வரை சிறை என்கிறது. 365அ, படுமோசமான ஒழுக்கக்கேடு என்று ஒன்றைச் சொல்லி இரண்டு வருடம் வரை என்கிறது. அது என்ன செயல் என்று வரையறுக்கவில்லை. வரையறை இல்லாத சொல்லை மொழிபெயர்ப்பவன் பாடு, அளவு கொடுக்காமல் சட்டை கேட்டால் தையற்காரன் படும் பாடு. ஆண்களை மட்டும் குறித்த அந்தப் பிரிவை 1995இல் திருத்தினார்கள். நீக்கினார்கள் என்று நினைப்பீர்கள். இல்லை, பெண்களையும் சேர்த்துக்கொண்டார்கள். சமத்துவம்! எழுதிக் கொடுத்தவர்கள் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தங்கள் சட்டத்தை 1967இலேயே தளர்த்திவிட்டார்கள். பழைய கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு அவர்கள் போய்விட்டார்கள், நாங்கள் இந்த வெயிலில் இன்னும் அதைப் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

சட்டத்துக்கும் சிரிப்புக்கும் என்ன தொடர்பு என்று மருத்துவர் கேட்கிறார்போல் தெரிகிறது. ஹொலிவூட்டைப் பாருங்கள். 1930இல் அங்குள்ள தயாரிப்பாளர்கள் தங்களுக்கென்று ஓர் ஒழுக்க விதிக்கோவையை ஏற்றுக்கொண்டார்கள். 1934 முதல் 1968 வரை அது கோலோச்சியது. தன்பாலீர்ப்பைத் திரையில் குறிப்பாகக்கூடக் காட்டக் கூடாது என்றது. காட்டாமல் இருந்தார்களா? இல்லை. நளினமான கடைச் சிப்பந்தியாக, முகம் சுளிக்கும் பட்லராக, பெயர் சொல்லாமல் கேலியாகக் கொண்டுவந்தார்கள். வாசலை மூடினால் கோமாளி வேடத்தில் பின்கதவால்தான் வரவேண்டும். நேராகச் சொல்லத் தடையுள்ள இடத்தில் நையாண்டி ஒன்றுக்குத்தான் உரிமம் கிடைக்கும்.

இந்தியாவில் எங்கள் 365ஐப் போன்ற 377ஆம் பிரிவை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6ஆம் திகதி, வயது வந்தவர்கள் மனமொத்து வாழ்வதைப் பொறுத்தவரை, செல்லாததாக்கியது. 2020இல் 'ஷுப் மங்கள் ஸ்யாதா சாவ்தான்' வருகிறது. பெரிய நடிகர், முழுநீள நகைச்சுவை, காதலர் இருவரும் ஆண்கள். சிரிப்பு யாரைப் பார்த்து? தந்தையைப் பார்த்து. அவர் விவசாய விஞ்ஞானி, கறுப்பு நிறப் பூக்கோவா கண்டுபிடித்தவர். இயற்கையில் இல்லாத பூக்கோவாவைத் தோட்டத்தில் வளர்த்துவிட்டு, மகனைப் பார்த்து இயற்கை பற்றிப் பேசுகிறார்! கதையின் முடிவில் அந்தத் தீர்ப்பே வந்து சேர்கிறது. சட்டம் போன இரண்டாவது வருடம் பூனையும் எலியும் இடம் மாறிவிட்டன, பார்த்தீர்களா?

நீதிபதி ஐயா தலையை ஆட்டுகிறார். ஒரு சாட்சியை வைத்துத் தீர்ப்பு எழுதலாமா என்பதுதானே, ஐயா? எழுதக் கூடாதுதான். நான் நீதிபதி அல்லன், மேடைப் பேச்சாளன். எனக்கு ஒரு சாட்சி போதும்.

நம் நாட்டிலும் வாசல்வரை வந்தோம். அப்போதைய பாராளுமன்ற உறுப்பினர் பிரேம்நாத் டொலவத்த இந்தப் பிரிவுகளைத் திருத்தத் தனி உறுப்பினர் சட்டமூலம் ஒன்று கொண்டுவந்தார். அது அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று உயர் நீதிமன்றம் 2023 மே மாதம் முடிவு சொன்னது. அதற்குப் பிறகும் அது சட்டமாகவில்லை. 2024 செப்டம்பரில் பாராளுமன்றம் கலைந்தது, சட்டமூலமும் அதோடு போயிற்று. திருமண வீட்டில் பந்தியில் உட்கார்ந்து, இலை போட்டு, தண்ணீரும் தெளித்த பிறகு சோறு முடிந்துவிட்டது என்றால் எப்படியிருக்கும்?

தலைவர் துண்டு அனுப்பியிருக்கிறார். "இரண்டு நிமிடம்" என்று எழுதி, இரண்டின் கீழ் இரண்டு கோடு இழுத்திருக்கிறார். மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது விடயங்களை அடுத்த அழைப்புக்கு வைத்துக்கொள்கிறேன். பிள்ளைகளோடு படம் பார்ப்பது பற்றிக் கேட்கவே வந்தேன் என்று ஓர் அம்மா வாசலில் சொன்னார். அம்மா, தேநீர் வேளையில் பேசுவோம்.

வாயிலின் இடப்பக்க மேசையில் ஒரு மகஜர் இருக்கிறது. மூன்று மொழியிலும் இருக்கிறது. தமிழில் பிழை இருந்தால் அது என்னுடையது. 365ஐயும் 365அவையும் திருத்தும் சட்டமூலத்தை மறுபடி சபைக்குக் கொண்டுவாருங்கள் என்பதுதான் கோரிக்கை. முதற் கையெழுத்து ஸ்காபரோவிலிருந்து தபாலில் வந்தது. பெயருக்கு முன்னால் 'பொ.' என்று போடாமல் தந்தை பெயரை முழுதாக எழுதியிருக்கிறான்.

மேசையில் இரண்டு பேனா வைத்திருக்கிறேன். நீலம் நன்றாக எழுதும். கறுப்பை இரண்டு தரம் உதற வேண்டும்.