நடுக்கடலில் அரை மீற்றர்

எல்லோருக்கும் வணக்கம். முன்வரிசையில் இருக்கும் இணைந்த கணிதப் பிள்ளைகளே, கல்குலேட்டரை வெளியில் எடுத்து வையுங்கள்.

நான் படித்த காலத்தில் சமன்பாடுகளைப் பாடமாக்கினேன். எதையெல்லாம் கழித்துவிட்டு அந்தச் சமன்பாட்டை எழுதினார்கள் என்று ஒருவரும் சொல்லித் தரவில்லை. கணித மாதிரி அமைப்பதில் பாதி வேலை அந்தக் கழிப்புத்தான்.

2004 டிசம்பர் 26. சுமாத்திராவுக்கு அருகே கடலடி அதிர்ந்தபோது இலங்கையில் காலை 6.59. (அப்போது நம் கடிகாரங்கள் இன்றையதைவிட அரை மணி நேரம் முந்தி ஓடின.) அலை திருகோணமலைக்கு எப்போது வரும்?

காற்றை விடுவோம், உப்பை விடுவோம். சுனாமி அலையின் நீளம் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர். கடலின் ஆழமோ மூன்று, நான்கு கிலோமீற்றர். அந்த அலைக்கு வங்கக்கடலே தாம்பாளத்தில் ஊற்றிய தண்ணீர்தான். அப்படியானால் வேகத்தைத் தீர்மானிப்பது ஆழம் மட்டுமே. புவியீர்ப்பு ஆர்முடுகலை ஆழத்தால் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். 18ஆம் நூற்றாண்டிலேயே கணித அறிஞர் லாக்ராஞ்சு கண்டது இது. சராசரி ஆழம் 3500 மீற்றர் என்று வைத்தால் செக்கனுக்கு 185 மீற்றர், மணிக்கு அண்ணளவாக 670 கிலோமீற்றர்.

அதிர்வு மையம் இங்கிருந்து ஏறத்தாழ 1730 கிலோமீற்றர். வகுத்தால் இரண்டரை மணி நேரத்துக்குச் சற்று மேல். ஆனால் கிழக்குக் கரைக்கு அலை வர எடுத்தது சுமார் இரண்டு மணி நேரம்.

எங்கே பிழைத்தது? பெருக்கலில் இல்லை. அதிர்வை ஒரு புள்ளி என்று எடுத்துக்கொண்டோம். உண்மையில் கடலடி 1200 கிலோமீற்றருக்கு மேல், அந்தமான் வரைக்கும் கிழிந்தது. நிக்கோபார்ப் பக்கத்திலிருந்து இங்கே ஏறக்குறைய 1300 கிலோமீற்றர்தான். இப்போது வகுத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம். எனக்கு மிகவும் பிடித்த பிழை இது. விடை தவறியதால்தான் கிழிசலின் நீளம் கணக்குக்குள் வந்தது.

அப்புறம், உயரம். ஆழ்கடலில் வள்ளத்தில் இருப்பவருக்கு இந்த அலை தெரியாது. அரை மீற்றர் அலை நூறு கிலோமீற்றருக்குப் பரந்து கிடந்தால் யாருக்குத் தெரியும்? கரையை நெருங்கி ஆழம் 10 மீற்றர் ஆனதும் வேகம் மணிக்கு 36 கிலோமீற்றராகக் குறைகிறது. முன்னால் போகும் தண்ணீர் தயங்க, பின்னால் வருவது அதன்மேல் நெருக்குகிறது. ஆழம் குறையக் குறைய, உயரம் ஆழத்தின் நான்காம் மூலத்துக்கு (வர்க்கமூலத்தின் வர்க்கமூலம்) நேர்மாறாக ஏறும் என்று ஜோர்ஜ் கிறீன் 1837இல் காட்டினார். இவர் நொட்டிங்காமில் மா அரைக்கும் ஆலை வைத்திருந்தவர். சுனாமியை அல்ல, கால்வாய் அலையை யோசித்தவர். அவர் விதிப்படி நம் அரை மீற்றர் இரண்டு மீற்றரைத் தாண்டுகிறது. அலை உடையத் தொடங்கியதும் அந்த விதி செல்லாது. ஏனென்றால் உடைவதையும் அவர் கழித்துவிட்டார்.

இனி நம்முடைய கொட்டியாரக்குடா. அதற்குள்ளிருந்தே ஒரு பெரும் கடலடிப் பள்ளம் ஆழ்கடலுக்கு இறங்குகிறது. ஆழமான இடத்தில் அலை முந்தும், ஆழம் குறைந்த பக்கங்களுக்கு வளைந்து திரும்பும். கிண்ணியா எந்தப் பக்கம், மூதூர் எந்தப் பக்கம், துறைமுகம் எந்தப் பக்கம்? கடல் ஆழ வரைபடத்தை இந்த மேசையில் விரித்திருக்கிறேன். அடிமட்டம் கொண்டுவந்தவர்கள் முன்னால் வாருங்கள்.