புரட்டாசியில் ஒரு மண்வெட்டி

நேயர்களுக்கு வணக்கம்.

சாலைகளைப் பற்றிப் பேச வேண்டும் என்று நிலையத்தார் அழைத்தார்கள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் நெடுஞ்சாலைத் துறையில் வேலை பார்த்தவன் இல்லை. பாலிடெக்னிக் ஒன்றில் முப்பத்தொரு வருஷம் சிவில் பிள்ளைகளுக்குச் சாலைப் பாடம் நடத்தியவன். என்னிடம் படித்தவர்களில் சிலர் துறையில் பொறியாளர் ஆனார்கள், சிலர் காண்ட்ராக்டர் ஆனார்கள். கல்யாண வீட்டுப் பந்தியில் இந்தப் பக்கம் ஒருவன், அந்தப் பக்கம் ஒருவன் உட்கார்ந்துகொண்டு, ஒருவன் மேல் ஒருவன் என்னிடம் கோள் சொல்வார்கள். நான் இரண்டு காதிலும் வாங்கிக்கொண்டு பாயசத்துக்குக் காத்திருப்பேன். இன்றைக்குப் பேசப் போவதில் பாதி அந்தப் பந்தியில் கிடைத்ததுதான்.

ரோடு சரியில்லை என்றால் யாரைத் திட்டுவது? இதுவே நம் ஊரில் சுலபமான கேள்வி இல்லை. மதுரை பெரியார் பேருந்து நிலையத்தில் ஏறிப் பேரையூருக்கு உள்ளே ஒரு கிராமத்துக்குப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஏறும் இடத்தில் தெரு மாநகராட்சியுடையது. கப்பலூரில் நான்குவழிச் சாலையில் சேர்ந்தால் தேசிய நெடுஞ்சாலை ஆணையம். திருமங்கலம் தாண்டி டி. கல்லுப்பட்டி வழியாக ராஜபாளையம், கொல்லம் என்று போவதும் தேசிய நெடுஞ்சாலைதான், 744. கல்லுப்பட்டியில் மேற்கே திரும்பிவிட்டால் மாநில நெடுஞ்சாலைத் துறை. கடைசியில் ஊர் விலக்கில் இறங்கினால் ஒன்றியத்துச் சாலை. ஒரே டிக்கெட்டில் நான்கு முதலாளிகளைப் பார்த்துவிடலாம். ரோட்டோரக் கல்லைப் பாருங்கள், தலையில் மஞ்சள் பூசியிருந்தால் தேசியச் சாலை, பச்சை என்றால் மாநிலச் சாலை. கல்லைப் பார்க்காமல் திட்டினால் திட்டு வேறு வீட்டு வாசலில் போய் விழும்.

நான் இன்றைக்குப் பேசுவது அந்த மாநிலத் துறையைப் பற்றி. 1946-ல் தனித் துறையாக ஆனது. மாநில நெடுஞ்சாலைகள், மாவட்ட முக்கியச் சாலைகள், இதர மாவட்டச் சாலைகள் மூன்றும் அதன் கையில். கிண்டியில் அதற்கென்று ஒரு ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. தரக் கட்டுப்பாட்டுக்குத் தனிப் பிரிவு, திட்டமிடுவதற்குத் தனிப் பிரிவு. ஆள் தெரியாத துறை இல்லை, வேலை தெரியாத துறையும் இல்லை.

புதிதாகக் கட்டுவதில் அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. என் சின்ன வயதில் ஓடையில் தண்ணீர் வந்தால் தரைப்பாலத்துக்கு இந்தப் பக்கமே பஸ் நின்றுவிடும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அக்கரைக்கு நடந்து போய் வேறு பஸ் பிடிப்போம். அப்படிப்பட்ட இடங்களில் பலவற்றில் இன்றைக்கு உயர்மட்டப் பாலம் நிற்கிறது. ஒற்றைத் தடமாக இருந்த சாலைகள் அகலமாகிவிட்டன. கோரிப்பாளையத்துக்கும் மேலமடைக்கும் 2023 அக்டோபரில் மேம்பாலத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். ஆனால், கட்டியதற்கு அப்புறம் என்ன நடக்கிறது என்பதில்தான் எனக்குச் சண்டை.

தாருக்கும் தண்ணீருக்கும் ஆகாது. முப்பத்தொரு வருஷமும் முதல் வகுப்பில் கரும்பலகையில் நான் எழுதிய முதல் வரி இது. சாலை அழிவதற்கு வண்டி ஒரு காரணம், வெயில் ஒரு காரணம். தண்ணீர் சேர்ந்தால்தான் இரண்டும் வேலையை முடிக்கும். அதனால் சாலையை நடுவில் உயர்த்தி இரண்டு ஓரமும் சரித்துப் போடுவார்கள். கேம்பர் என்பது அதுதான். ஏழு மீட்டர் அகலச் சாலையில் நடுப்பகுதி ஓரத்தைவிட ஏழு முதல் ஒன்பது செ.மீ. உயரமாக இருக்க வேண்டும். மழை விழுந்தால் நிற்காமல் ஓரத்துக்கு ஓடி, பெர்ம் என்கிற மண் ஓரத்தைத் தாண்டி, பக்கத்துக் கால்வாயில் இறங்கிவிட வேண்டும்.

இறங்குகிறதா என்று இந்த ஐப்பசியில் போய்ப் பாருங்கள். புழுதி படிந்து, அதில் புல் முளைத்து, புல் மேலும் புழுதியைப் பிடித்து, நாலைந்து வருஷத்தில் பெர்ம் தார் விளிம்பைவிட மேலே ஏறிவிடுகிறது. வயலுக்கு வரப்பு கட்டுவது போல ரோட்டுக்கு வரப்பு கட்டிவிடுகிறோம். தண்ணீர் விளிம்பில் நிற்கிறது. தாரில் மயிரிழை வெடிப்பு ஒன்று போதும், உள்ளே இறங்கிவிடும். ஜல்லியைப் பிடித்திருக்கும் தார் நழுவும். மேலே பஸ் சக்கரம் ஏறும்போது உள்ளே இருக்கும் தண்ணீர் அழுத்தம் தாங்காமல் பீச்சியடிக்கும், கூடவே பொடி மண்ணையும் வெளியே தள்ளும். அடியில் பொள்ளல் விழும். ஒரு நாள் காலையில் மேல்தோல் உடைந்து பள்ளம் தெரியும். நாம் அதைத்தான் பார்க்கிறோம். பள்ளம் விழுந்தது அன்றைக்கு இல்லை, பெர்மைச் செதுக்காமல் விட்ட வருஷத்தில்.

கல்லுப்பட்டி, பேரையூர் பக்கம் இன்னும் ஒரு வில்லங்கம் உண்டு, கரிசல் மண். மழையில் உப்பும், கோடையில் கால் நுழைகிற அளவுக்கு வெடிக்கும். அதன் மேல் போட்ட சாலை மூச்சு விடுகிற மாதிரி ஏறி இறங்கும். அங்கே அடித்தளத்தில் சுண்ணாம்பு கலந்து மண்ணைப் பக்குவப்படுத்த வேண்டும், அல்லது கிராவல் போட்டு உயர்த்த வேண்டும். மேலூர்ச் செம்மண்ணுக்குப் போட்ட எஸ்டிமேட்டை அப்படியே இங்கே கொண்டுவந்தால் மூன்றாவது மழையில் சாலை நெளிந்துவிடும்.

லாரிக் கணக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 1950-களின் கடைசியில் அமெரிக்காவில் இதற்கென்றே சாலை போட்டு வண்டிகளை ஓட்டிப் பார்த்தார்கள். அச்சின் பாரம் இரண்டு மடங்கானால் சாலைக்கு வரும் சேதம் இரண்டு மடங்கு இல்லை, ஏறக்குறைய பதினாறு மடங்கு என்று தெரிந்தது. ஒரு டன் அச்சோடு பத்து டன் அச்சை ஒப்பிட்டால் பத்தாயிரம் மடங்கு. நம் நாட்டில் 2018-ல் லாரியின் ஓர் அச்சுக்கான வரம்பை 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தினார்கள். கேட்க ஒரு டன் சொச்சம்தான். அதே கணக்கில் பார்த்தால் சேதம் சுமார் 60 சதவீதம் கூடுகிறது. அதற்கும் மேலே ஏற்றிக்கொண்டு வரும் எம்-சாண்ட் லாரியைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம், சாயங்காலம் நாலு மணிக்கு ரோட்டில் நின்று பாருங்கள்.

தண்ணீர் சமாசாரத்தில் மதுரைக்கு ஒரு பெருமையும் உண்டு. திருப்பரங்குன்றத்தில் உள்ள தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன், வேதியியல்காரர், குப்பைப் பிளாஸ்டிக்கைத் துருவலாக்கிச் சூடான ஜல்லி மேல் தூவினார். அது உருகி ஜல்லியில் மெல்லிய பூச்சாக ஒட்டிக்கொண்டது. அப்புறம் தார் சேர்த்தால் தண்ணீர் அவ்வளவு சுலபத்தில் தாரை ஜல்லியிலிருந்து பிரிக்க முடியவில்லை. 2000-களின் தொடக்கத்தில் கல்லூரி வளாகத்திலேயே ஒரு சாலை போட்டுக் காட்டினார். 2013-ல், சாலை விதிமுறைகளை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் இதற்கு வழிகாட்டு விதிமுறை வெளியிட்டது, 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ. நல்ல வழிதான். ஆனால் வரப்புக் கட்டித் தண்ணீர் தேக்கினால் பிளாஸ்டிக் சாலையும் எத்தனை நாள் தாங்கும்?

சரி, பெர்மை யார் செதுக்கினார்கள்?

சாலைப் பணியாளர் என்று ஒருவர் இருந்தார். கையில் மண்வெட்டி, கடப்பாரை, ஒரு கூடை. அவருக்கென்று இத்தனை கிலோமீட்டர். புல்லைச் செதுக்குவார், சிறுபாலத்தின் வாயில் அடைத்திருக்கும் சருகை இழுத்துப் போடுவார், சின்னக் குழியில் ஜல்லியைப் போட்டு இடிப்பார். (சிறுபாலத்தை எங்கள் பக்கம் கல்வெட்டு என்றுதான் சொல்வார்கள், கல்வெர்ட் அப்படி ஆகிவிட்டது. தொல்லியல் ஆர்வமுள்ள நண்பர் ஒருவர், "கல்வெட்டு ஸ்டாப் எறங்கு" என்று கண்டக்டர் கத்தியதும் ஆசையாக இறங்கிவிட்டார். குழாய் ஒன்றைத்தான் பார்த்தார்.) கம்மாய்க்கு மடை திறந்து தண்ணீர் பாய்ச்சும் நீர்க்கட்டி எப்படியோ அப்படி ரோட்டுக்கு அவர். எந்த இடத்தில் தண்ணீர் நிற்கும் என்று அவருக்குத் தெரியும், எந்த ரெஜிஸ்டரிலும் அது இருக்காது.

1997-ல் மாநிலம் முழுக்க ஏறத்தாழ பத்தாயிரம் பேரை இந்த வேலைக்கு எடுத்தார்கள். 2002 செப்டம்பரில் அத்தனை பேரையும் ஒரே உத்தரவில் வீட்டுக்கு அனுப்பினார்கள். 2006 பிப்ரவரியில் திரும்ப எடுத்தார்கள். இடையில் 41 மாதம். அந்த 41 மாதத்தையும் பணிக்காலமாகச் சேர்க்கச் சொல்லி அவர்கள் வருஷக்கணக்கில் போராடியது நேயர்கள் பலருக்கு நினைவிருக்கும். அன்றைக்குச் சேர்ந்தவர்களில் பலர் இன்று ஓய்வு பெற்றுவிட்டார்கள். அந்த இடங்களைப் பார்க்க வேண்டிய வேலை மெல்ல மெல்ல ஒப்பந்தத்துக்குப் போகிறது.

ஒப்பந்தம் என்றாலே தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். 2014-ல் பொள்ளாச்சிக் கோட்டத்தில் துறையே ஒரு புது முறையைத் தொடங்கியது. ஐந்து வருஷத்துக்கு அந்தச் சாலைகளை நல்ல நிலையில் வைத்திருப்பது காண்ட்ராக்டர் பொறுப்பு, எத்தனை குழி அடைத்தாய் என்று பார்த்துப் பணம் இல்லை, சாலை எப்படி இருக்கிறது என்று பார்த்துப் பணம். பிறகு வேறு சில கோட்டங்களுக்கும் அது போனது. எனக்கு இந்த யோசனை பிடிக்கும். குழி விழுந்தால் காண்ட்ராக்டருக்குச் செலவு, ஆகவே அவரே பெர்மைச் செதுக்கச் சொல்வார். குழிக்குத் தனித்தனியாக பில் போடுகிற முறையில் இது தலைகீழ். அங்கே குழிதான் வரும்படி.

குழி அடைப்பதிலும் முறை இருக்கிறது. உடைந்த இடத்தைச் சுற்றிக் கெட்டியான பகுதிவரை சதுரமாக வெட்டி, பக்கங்களை நேராகச் செதுக்கி, தண்ணீரையும் தூசியையும் எடுத்து, தார் தெளித்து, கலவையைச் சூடாகப் போட்டு இடிக்க வேண்டும். சூடு 90 டிகிரிக்குக் கீழே இறங்குவதற்குள் ரோலர் வேலையை முடித்துவிட வேண்டும். ஆறின கலவையை எத்தனை முறை உருட்டினாலும் அது ஒட்டாது, ஆறிப்போன உப்புமா மாதிரி உதிரும்.

எங்கள் ஊர் விலக்கில் ஒரு வளைவு. அங்கே ஒரே இடத்தில் இரண்டு வருஷத்தில் மூன்று முறை பேட்ச் ஒர்க் நடந்ததை நான் பார்த்தேன். மூன்று முறையும் குழிக்குள் தண்ணீரோடு கலவையைக் கொட்டி, மேலே மண்வெட்டியின் முதுகால் நாலு தட்டு தட்டினார்கள். எந்த அலுவலகம், எந்தக் காண்ட்ராக்டர் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். மூன்றாவது முறை நான் போய் முறையைச் சொன்னேன். அந்தப் பையன் மரியாதையாகத்தான் கேட்டான். "சார், கலவை வந்து சேர்றப்பவே ஆறிருச்சு, நான் என்ன செய்ய?" என்றான். அவன் சொன்னதும் சரிதானே.

நகரத்துக்குள் வந்தால் வேறு கூத்து. பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டுப் போட்டு வீட்டு வாசல்படி தெருவுக்குக் கீழே போய்விட்டது. 2021 மே மாதம் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு, பழைய மேல்தளத்தைச் சுரண்டி எடுத்த பிறகே புதுத் தளம் போட வேண்டும் என்று கண்டிப்பாக எழுதினார். அதற்கப்புறம் மில்லிங் எந்திரத்தை ஜனங்களே தேட ஆரம்பித்தார்கள். தெருவில் தார் லாரி வந்தால் "சுரண்டியாச்சா?" என்று கேட்கிற பாட்டிகளை நான் பார்த்திருக்கிறேன். துறைக்கு அந்தப் பாட்டிகளைவிட நல்ல ஆய்வாளர் கிடைக்க மாட்டார்கள்.

2023-ல் "நம்ம சாலை" என்று ஒரு செயலியைத் துறை கொண்டுவந்தது. குழியைப் படம் எடுத்து அனுப்பினால் மாநில நெடுஞ்சாலை என்றால் 24 மணி நேரம், மாவட்டச் சாலை என்றால் 72 மணி நேரம் என்று கெடு. அனுப்பிப் பாருங்கள், நல்ல விஷயம். எனக்கு உள்ள குறை ஒன்றுதான், குழி விழுந்த பிறகுதான் அதைப் படம் எடுக்க முடியும். துறை எப்படி வேலை செய்கிறது என்று என்னைக் கேட்டால் ஐப்பசியில் எத்தனை குழியை எத்தனை மணி நேரத்தில் மூடினார்கள் என்று பார்க்க மாட்டேன். புரட்டாசியில் எத்தனை கிலோமீட்டர் பெர்ம் செதுக்கினார்கள், எத்தனை சிறுபாலத்தின் வாயைத் திறந்தார்கள் என்று கேட்பேன். அந்தக் கணக்கை வருஷா வருஷம் ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டட்டும். கம்மாய் மராமத்துக்கு வைகாசி, ஆனி என்று காலம் வைத்திருந்த ஊர்கள்தானே இவை.

எங்கள் விலக்கு வளைவு என்ன ஆனது என்று சொல்லி முடிக்கிறேன். அங்கே டீக்கடை வைத்திருக்கும் தம்பி, போன வருஷம் மழைக்கு முன்னால் ஒரு நாள் மண்வெட்டியை எடுத்து இரண்டு இடத்தில் பெர்மைக் குறுக்கே வெட்டி, ஓடைப் பக்கம் வாய்க்கால் இழுத்துவிட்டான். சாணி பூசினது போலக் குழாய் வாயை அடைத்திருந்த சேற்றையும் அள்ளினான். ஒன்றரை மணி நேர வேலை. எனக்கு ஒரு டீ கொடுத்தான், நான் நின்று மேற்பார்வை பார்த்தேன். தீபாவளிக்கு நல்ல மழை பெய்தது. வளைவில் தண்ணீர் நிற்கவில்லை, இந்த வருஷம் அங்கே குழியும் இல்லை.

போன வாரம் அவன் கேட்டான்: "சார், மூணு தடவ பேட்ச் போட்டதுக்கு பில் போட்டாங்கள்ல, நான் வெட்டிவிட்டதுக்கு யார்கிட்ட பில் போடணும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. இன்னொரு டீ போடச் சொன்னேன்.

வணக்கம்.