திங்கள் கட்சியின் வழக்கு

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

"மனித வாழ்வைச் சொல்லப் பொருத்தமான அடையாளம் சூரியனா, சந்திரனா?" இதுதான் தலைப்பு. எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர் மூன்று கணைகளை விட்டுவிட்டு அமர்ந்தார். சூரியன் ஆத்மகாரகன், பிதுர்காரகன், அதாவது ஜோதிடத்தில் ஆத்மாவையும் தந்தையையும் குறிப்பவன், கிரகங்களுக்கு அரசன்; அவன் இல்லாமல் ஒரு புல்லும் முளைக்காது என்றார். சந்திரனுக்குச் சொந்த வெளிச்சமே கிடையாது, எல்லாம் இரவல் என்றார். அப்புறம், பாதி மாதம் வளர்ந்து பாதி மாதம் தேய்கிற ஒன்றை நம்பி எப்படி வாழ்க்கையைச் சொல்வது என்று கேட்டார்.

முதல் கணையை நான் தடுக்கவே போவதில்லை. சூரியன் இல்லாவிட்டால் நீங்களும் இல்லை, நானும் இல்லை. ஆனால் நடுவர் அவர்களே, எது இல்லாமல் வாழ முடியாது என்பதல்ல இன்றைய கேள்வி. எது நம்மைப் போல இருக்கிறது என்பதுதான் கேள்வி. தலைப்பை இன்னொரு முறை படித்துப் பாருங்கள்.

ஜோதிடத்தையே எடுத்துக்கொள்வோம். ஒருவர் ஜாதகத்தை நீட்டினால் ஜோதிடர் என்ன கேட்கிறார்? "என்ன ராசி, என்ன நட்சத்திரம்?" ராசி என்பது பிறந்த நேரத்தில் சந்திரன் நின்ற இடம். நட்சத்திரம் என்பதும் சந்திரன் நின்ற இடம்தான். வாழ்நாளை ஒன்பது கிரகங்களுக்குப் பங்கிட்டுப் பலன் சொல்லும் விம்சோத்தரி தசை 120 வருடக் கணக்கு. அந்தக் கணக்கு எங்கே தொடங்குகிறது? பிறக்கும்போது சந்திரன் தன் நட்சத்திரத்தில் எவ்வளவு தூரம் கடந்திருந்தது என்பதில் தொடங்குகிறது. அந்த 120-ல் சூரியனுக்குக் கிடைத்தது 6 வருடம், ஒன்பது பேரிலும் குறைவு. சந்திரனுக்கு 10. ஏழரைச் சனி என்றால் எல்லோருக்கும் தெரியும். அதைக்கூடச் சந்திரன் நின்ற ராசிக்குப் பன்னிரண்டு, ஒன்று, இரண்டாம் இடங்களில் சனி வருவதை வைத்துத்தான் எண்ணுகிறோம். நாம் பட்ட கஷ்டத்தை எண்ணுவதற்கும் நிலாதான் அளவுகோல்.

ஏன் இப்படி வைத்தார்கள்? சந்திரன் மனோகாரகன், அதாவது மனத்தைக் குறிப்பவன். ரிக் வேதத்தின் புருஷ சூக்தம், பரமபுருஷனின் மனத்திலிருந்து சந்திரன் பிறந்தான், கண்ணிலிருந்து சூரியன் பிறந்தான் என்று பிரித்துச் சொல்கிறது. கண்ணுக்கு உலகத்தைக் காட்ட ஒருவன், உள்ளே நடப்பதைச் சொல்ல ஒருவன். தமிழில் இன்னும் அழகு. மதி என்றால் நிலா, மதி என்றால் அறிவு. ஒரே சொல் இரண்டையும் தாங்கி நிற்கிறது.

எதிரணி நண்பர் இன்னொன்றும் சொன்னார்: மேலைநாட்டு ஜோதிடம் முழுக்கச் சூரிய ராசியைத்தானே பார்க்கிறது என்று. அங்கேயும் பழைய ஜோதிடர்கள் சந்திரனை மனம், தாய், உடல் என்று கூர்ந்து பார்த்தவர்கள்தான். பிறந்த தேதியைச் சொன்னாலே ராசி என்ற பழக்கம் பரவியது மிகச் சமீபத்தில். 1930-ல் பிரிட்டிஷ் இளவரசி மார்கரெட் பிறந்தபோது லண்டன் ஞாயிறு இதழ் ஒன்று குழந்தையின் ஜாதகத்தை வெளியிட்டது. வாசகர்கள் அதை விரும்பிப் படித்தார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் பத்திரிகை ராசிபலன். சூரியன் எந்த ராசியில் என்று சொல்லத் தேதி போதும். சந்திரனுக்கு நேரமும் வேண்டும், கணக்கும் வேண்டும். சுலபமாக இருந்தது, பரவிவிட்டது. அவ்வளவுதான்.

சரி, தேய்கிறானே என்ற கேள்விக்கு வருகிறேன். அந்தக் கதையை எல்லோரும் கேட்டிருப்பீர்கள், ஆனால் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டிய கதை அது. தட்சனின் 27 மகள்களை மணந்தான் சந்திரன். அத்தனை பேரையும் சமமாக நடத்துவதாக ஏற்றுக்கொண்டவன், ரோகிணி வீட்டிலேயே தங்கிவிட்டான். மற்ற 26 பேரும் தந்தையிடம் போய் அழுதார்கள். தட்சன் சொல்லிப் பார்த்தான், கேட்கவில்லை. "தேய்ந்து போ" என்று சபித்தான். இது தண்டனைக் கதையாக மட்டும் இருந்தால் இங்கேயே முடிந்திருக்கும். முடியவில்லை. சந்திரன் தேயத் தேயப் பூமியில் மூலிகைகள் வாடின, செடிகொடிகளின் சாரம் வற்றியது. தேவர்களே பதறி ஓடி வந்தார்கள். அவன் ஓஷதிகளின், அதாவது மூலிகைகளின், தலைவன் அல்லவா? புல் முளைக்கச் சூரியன் வேண்டும் என்றீர்களே நண்பரே, முளைத்ததில் சாறு ஊறச் சந்திரன் வேண்டும் என்று புராணம் சொல்கிறது. கடைசியில் சாபம் முழுதாக நீங்கவில்லை. பாதி மாதம் தேய்வு, பாதி மாதம் வளர்ச்சி என்று குறைந்தது. பிறைதான் மிச்சம் என்ற நிலையில் ஈசன் அவனை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். முழு நிலவை வைத்துக்கொள்ளவில்லை, குறைந்த நிலவை வைத்துக்கொண்டார்.

இதில் மனிதன் இல்லையா? ஒருவரிடம் அதிக அன்பு வைத்து மற்றவரைக் காயப்படுத்தியது, அதற்கு விலை கொடுத்தது, உருக்குலைந்தது, மெல்லத் திரும்பி வந்தது எல்லாம் நம் வீட்டுக் கதைதானே? அந்த 27 மனைவியரும் 27 நட்சத்திரங்கள். சந்திரன் வானத்தை ஒரு சுற்று சுற்றி வர ஏறக்குறைய 27 நாள் 8 மணி நேரம் ஆகிறது. ரோகிணி இருக்கும் ரிஷப ராசியில்தான் இன்றும் சந்திரனுக்கு உச்சம், அதாவது மிகுந்த பலம். எத்தனை யுகமானாலும் அவனால் அவளை மறக்க முடியவில்லை.

சூரியனின் குடும்பத்தையும் பாருங்கள். மனைவி சஞ்ஞையால் வெப்பம் தாங்க முடியவில்லை. தன் நிழலான சாயாவை வீட்டில் விட்டுவிட்டுப் போனாள். அவள் தந்தை விசுவகர்மா சூரியனைச் சாணை பிடித்து ஒளியைக் குறைத்த பிறகே குடும்பம் சேர்ந்தது. சீனக் கதையில் பத்துச் சூரியன்கள் ஒன்றாக உதித்து உலகம் கருக, வில்லாளி ஹோ யீ ஒன்பதை அம்பெய்து வீழ்த்துகிறான். ஜோதிடத்தில் ஒரு கிரகம் சூரியனை மிகவும் நெருங்கினால் அஸ்தங்கம், அதாவது பலம் போய்விடும். நம் சந்திரனே அவனை நெருங்கினால் அமாவாசைதான். இதை நான் சூரியனைக் குறை சொல்லச் சொல்லவில்லை. அவன் பெருமையே அது. தொழலாம், ஆனால் பக்கத்தில் உட்கார முடியாது.

இரவல் வெளிச்சம் என்றீர்கள். உங்களிடம் உள்ள மொழி யாருடையது? உங்கள் அம்மாவுடையது. நீங்கள் பேசும் அறிவு? யாரோ ஓர் ஆசிரியர் தந்தது. வாங்கிய ஒளியை இன்னொருவருக்கு இருட்டில் கொடுப்பதைத் தவிர மனிதன் வேறென்ன செய்கிறான்? சந்திரன் தன்மேல் விழும் ஒளியில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகத்தான் திருப்பி அனுப்புகிறது. அது போதுமென்று வழி கண்டுபிடித்து நடந்தவர்கள் எத்தனை பேர்!

சில வருடங்களுக்கு முன் என் அம்மாவோடு மருத்துவமனையில் ஓர் இரவு இருந்தேன். ஜன்னலில் நான்கு கம்பிகள். முதல் கம்பிக்கு இந்தப் பக்கம் இருந்த நிலா மூன்றாவது கம்பிக்குப் போவதற்குள் எனக்கு ஒரு யுகம் போனது. நடு இரவில் அம்மா கண் திறந்து ஜன்னலைப் பார்த்துவிட்டு, "இன்னிக்குப் பௌர்ணமியா?" என்றார். இல்லை, நாளைக்கு என்றேன். ஓரத்தில் ஒரு நூலளவு குறைந்திருந்தது. "அதான் பார்த்தேன்" என்று சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டார். மூன்று நாளாகப் பேசாதவர் பேசியது அதுதான். சந்திரனை ஏன் தாயைக் குறிக்கும் மாதுர்காரகன் என்றார்கள் என்று எனக்கு எந்த நூலும் விளக்க வேண்டியதில்லை. கண் கூசாமல் பார்க்க முடிகிற, வலியில் இருப்பவரும் பார்க்க முடிகிற வெளிச்சம் அது ஒன்றுதான்.

மற்ற நாகரிகங்களையும் கேளுங்கள். சுமேரியர்களின் ஒரு பெரிய நகரத்துக்குப் பெயரே ஊர். சுமார் 4000 ஆண்டுகளுக்கு முன் அங்கே எழுந்த மாபெரும் படிக்கோபுரம் நிலாக் கடவுள் நன்னாவுக்கானது. அவர்களின் சூரியக் கடவுள் உது யார் தெரியுமா? நன்னாவின் மகன். பகலைப் பெற்றது இரவு என்று அவர்கள் நினைத்தார்கள். சிலப்பதிகாரம் முதலில் திங்களைப் போற்றிவிட்டுத்தான் ஞாயிற்றைப் போற்றுகிறது. சூரியன் ராசி மாறுவதுதான் நம் மாதப் பிறப்பு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த மாதத்துக்கு நாம் வைத்த சொல் திங்கள். சித்திரை நட்சத்திரத்தில் நிலா நிறைவதால் சித்திரை, விசாகத்தில் நிறைவதால் வைகாசி. ராமன் சூரிய குலம் என்றாரே எதிரணி நண்பர், அந்த ராமனை அன்போடு அழைக்கும்போது என்ன சொல்கிறோம்? ராமச்சந்திரன்.

மணி அடிப்பதற்குள் ஒன்றே ஒன்று. சூரியன் விட்டத்தில் சந்திரனைவிட ஏறக்குறைய 400 மடங்கு பெரிது. தொலைவும் ஏறக்குறைய 400 மடங்கு. அதனால்தான் நம் கண்ணுக்கு இரண்டும் ஒரே அளவு. முழுச் சூரிய கிரகணத்தில் நிலா சரியாகப் போய் முன்னே நிற்கிறது. அந்தச் சில நிமிடங்களில்தான் சூரியனைச் சுற்றி வெண்பட்டு விரித்தது போன்ற ஒளிமகுடம் வெறுங்கண்ணுக்குத் தெரிகிறது. நண்பர்களே, உங்கள் அரசனின் தலையில் இருக்கும் கிரீடத்தை உலகத்துக்குக் காட்டுவது எங்கள் சந்திரன். நடுவர் அவர்களே, தீர்ப்பு உங்கள் கையில். நன்றி, வணக்கம்.