கவனிப்பு என்று ஒரு சொல்

(செவிலியர் தினத்தன்று முதலாண்டு செவிலியர் மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். முன்வரிசையில் புதுச் சீருடையோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும், இடம் கிடைக்காமல் பின்னால் நிற்கும் பெற்றோருக்கும் தனியாக ஒரு வணக்கம்.

செவிலியர் பணியின் பெருமையைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்தார்கள். பேசுகிறேன். ஆனால் இன்னும் சில மாதங்களில் நீங்கள் வார்டுக்குள் போய்விடுவீர்கள். முதல் வாரத்திலேயே கால் வீங்கும். யாராவது ஒருவர் காரணமே இல்லாமல் உங்களிடம் கத்துவார். அன்றைக்கு, மேடையில் அந்த அக்கா சொன்னதெல்லாம் வெறும் பேச்சு என்று உங்களுக்குத் தோன்றிவிடக் கூடாது. அதனால் கஷ்டத்தையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

நம் மொழியில் 'கவனி' என்று ஒரு சொல் இருக்கிறது. 'நான் சொல்வதைக் கவனி' என்றால் மனதை வைத்துக் கேள் என்று பொருள். 'அம்மாவைக் கவனித்துக்கொள்' என்றால் பேணிக் காப்பாற்று என்று பொருள். இரண்டுக்கும் ஒரே சொல். 31 வருடம் வார்டில் நின்ற பிறகு எனக்குத் தெரிந்த ஒரே பெரிய உண்மை இந்தச் சொல்லுக்குள்தான் இருக்கிறது. உற்றுப் பார்க்காமல் யாரையும் பேண முடியாது.

ஒரு இரவு நடந்ததைச் சொல்கிறேன். வயிற்றில் அறுவை சிகிச்சை முடிந்து இரண்டாவது நாள், நடுத்தர வயது அம்மா ஒருவர். பிபி சரியாக இருக்கிறது. காய்ச்சலும் இல்லை. நாடி மட்டும் கொஞ்சம் வேகம். முந்தின நாள் பேரனைப் பற்றி ஓயாமல் பேசியவர், அன்றைக்குக் கேட்டதற்கெல்லாம் ஒரே வார்த்தையில் பதில் சொன்னார். விரல்கள் போர்வை நுனியைப் பிய்த்துக்கொண்டே இருந்தன. எனக்கு மனசு ஒப்பவில்லை. நாடி பிடிப்பதுபோல மணிக்கட்டில் கை வைத்துக்கொண்டு, அவருடைய நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணினேன். மூச்சை எண்ணுகிறோம் என்று தெரிந்தால் நோயாளியின் மூச்சு மாறிவிடும், அதற்காகத்தான் இந்த நாடகம். ஒரு முழு நிமிடம் எண்ணினேன். 28 வந்தது.

பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இருக்க வேண்டும். உடம்புக்குள் தொற்று பரவி ரத்தத்தில் அமிலம் கூடத் தொடங்கினால், அதை ஈடுகட்ட நுரையீரல் வேகமாக வேலை செய்யும். பிபி விழுவது பெரும்பாலும் அதற்கு அப்புறம்தான். அதாவது மூச்சு நமக்கு முன்கூட்டியே செய்தி சொல்கிறது. ஆனால் கேஸ் ஷீட்டில் எண்ணாமலே '18', '20' என்று எழுதப்படுவதும் இந்த மூச்சுக் கணக்குதான். வருத்தத்தோடு சொல்கிறேன், நானும் அப்படி எழுதிய நாட்கள் உண்டு.

டூட்டி டாக்டரைக் கூப்பிட்டேன். "பிபி நார்மல்தான் சார். ஆனா மூச்சு 28 இருக்கு, ஆளும் நேத்து மாதிரி இல்லை" என்றேன். அவர் நல்ல மனிதர், உடனே வந்தார். இரண்டு மணி நேரம் கழித்து பிபி விழத்தான் செய்தது. ஆனால் அதற்குள் ரத்தப் பரிசோதனைக்கு எடுத்தாகிவிட்டது, ஆன்டிபயாடிக் ஏறிக்கொண்டிருந்தது, சலைன் ஓடிக்கொண்டிருந்தது. பன்னிரண்டாம் நாள் அந்த அம்மா நடந்தே வீட்டுக்குப் போனார். போகும்போது டாக்டரின் கையைப் பிடித்து நன்றி சொன்னார். என் பெயர் அவருக்குத் தெரியாது. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவர் படியிறங்கிப் போனதைப் பார்த்தேனே, அந்தச் சந்தோஷத்தை எந்தச் சம்பளத்தாலும் தர முடியாது.

இன்று மே 12, ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் பிறந்த நாள். 1854இல் கிரிமியப் போரின்போது 38 பெண்களைக் கூட்டிக்கொண்டு துருக்கியில் இருந்த ஸ்கூட்டாரி ராணுவ மருத்துவமனைக்குப் போனவர். கையில் விளக்கோடு இருக்கும் அந்தப் படம் எல்லோருக்கும் தெரியும். எனக்கு அவருடைய கணக்கு நோட்டுகள் மேல்தான் மதிப்பு அதிகம். யார் எதனால் இறந்தார்கள் என்று அவர் பதிந்து வைத்தார். குண்டடிக் காயத்தால் இறந்த சிப்பாய்களைவிட, காலரா, டைஃபஸ், பேதி போன்ற நோய்களால் இறந்தவர்கள் பல மடங்கு அதிகம் என்பது அந்தக் கணக்கில் தெரிந்தது. 1855 மார்ச்சில் வந்த சுகாதாரக் குழு அந்த மருத்துவமனையின் சாக்கடையைச் சரிசெய்த பிறகு சாவுகள் குறைந்தன. அந்த எண்களையெல்லாம் படமாக வரைந்து அரசாங்கத்தின் முன்னால் வைத்தார் அவர். அன்பு மட்டும் இருந்து, அந்தக் கணக்கு இல்லாமல் போயிருந்தால் எத்தனை சிப்பாய்கள் வீடு திரும்பியிருப்பார்கள்?

சரி, கஷ்டத்துக்கு வருகிறேன். பெரிய கஷ்டம் எது என்று கேட்டால் ரத்தம், மலம், வாந்தி என்று வெளியிலிருப்பவர்கள் நினைப்பார்கள். அதெல்லாம் மூன்றே மாதத்தில் பழகிவிடும். பழகவே பழகாதது நேரமின்மை. எட்டு மணி நேர டூட்டி, 20 நோயாளிகள், ஒரு நர்ஸ் என்று வையுங்கள். 480 நிமிடம். ஒருவருக்கு 24 நிமிடம். அதற்குள் மாத்திரை, ஊசி, டிரிப் மாற்றுவது, டிரெஸ்ஸிங், துணி மாற்றுவது, உடன் இருப்பவர்களின் கேள்விகள், எல்லாவற்றையும் எழுதி வைப்பது. நான் சொன்ன அந்த ஒரு நிமிட மூச்சுக் கணக்கை எல்லோருக்கும் ஒரே ஒரு தடவை எடுக்கவே 20 நிமிடம் போய்விடும். எண்ணாமல் எழுதும் பழக்கம் எங்கே பிறக்கிறது என்று இப்போது புரிகிறதா? அதைச் சோம்பேறித்தனம் என்று திட்டுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் 300 மருத்துவமனைகளை வைத்துச் செய்த ஒரு பெரிய ஆய்வு 2014இல் வெளிவந்தது. ஒரு நர்சின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினால், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது என்று அது காட்டியது. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் இதற்குச் சட்டமே இருக்கிறது. 2004இல் நடைமுறைக்கு வந்தது. இப்போது அங்கே பொது வார்டில் ஒரு நர்சுக்கு 5 பேருக்கு மேல் கூடாது, ஐசியுவில் 2 பேருக்கு மேல் கூடாது. மற்ற இடங்களில் ஏன் முடியவில்லை? நம் வேலையின் பலன் கண்ணுக்குத் தெரியாது என்பது ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

பக்கவாதம் வந்து பேச்சு நின்றுபோன பெரியவர் ஒருவரை 41 நாள் பார்த்துக்கொண்டோம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இரண்டு பேர் சேர்ந்து அவரைத் திருப்பிப் படுக்க வைப்போம். வால் எலும்புப் பக்கமும் குதிகாலும் சிவந்திருக்கிறதா என்று பார்ப்போம். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்து, பிறகு நிறம் திரும்ப வேண்டும். வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால் உள்ளே சதை கெட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். 41 நாளும் படுக்கைப் புண் வரவில்லை. யாரும் எங்களைப் பாராட்டவில்லை. வராமல் போன புண்ணை யார் பார்க்க முடியும்? நோயாளி கீழே விழாமல் தடுத்ததை, மாறாமல் போன மருந்தை எந்த அறிக்கையில் எழுதுவார்கள்? ஆட்களைக் குறைக்கிறவர்களின் கண்ணுக்கு இது எதுவும் படுவதில்லை.

மாறாமல் போன மருந்து என்றேன். அது என் கையில் நடந்தது. விடியற்காலை நான்கு மணி. மருந்து கலக்க டிஸ்டில்டு வாட்டர் ஆம்பியூல், அதாவது சின்னக் குப்பி ஒன்று எடுத்தேன். எடுக்கும்போது படித்தேன் என்றுதான் நினைத்தேன். சிரிஞ்சில் ஏற்றும்போதும் படித்தேன் என்று நினைத்தேன். மூன்றாவது தடவை, காலி ஆம்பியூலைப் போடுவதற்கு முன்னால் பார்த்தபோது, பொட்டாசியம் குளோரைடு என்று எழுதியிருந்தது. அதை அப்படியே நரம்பில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். கை வெலவெலத்துப் போய் சீனியர் சிஸ்டரிடம் ஓடினேன். அவர் என்னைத் திட்டவில்லை. ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். அப்புறம் என்னோடு வந்து அந்த அலமாரியைப் பார்த்தார். ஒரே அளவு ஆம்பியூல், ஒரே நிற எழுத்து, பக்கத்துப் பக்கத்து டப்பா. காலையில் முதல் வேலையாகப் பொட்டாசியத்தை அந்த அலமாரியிலிருந்தே எடுக்க வைத்தார். தவறு நடக்க இருந்ததை நான் மறைத்திருந்தால் அந்த டப்பா அங்கேயே இருந்திருக்கும். அதனால் சொல்கிறேன் பிள்ளைகளே, மூன்று தடவை படியுங்கள். தப்பு நடந்தாலும் நடக்க இருந்தாலும் வாயைத் திறந்து சொல்லுங்கள்.

கத்துகிறவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. டாக்டர் ஐந்து நிமிடம் வந்து போவார். நாம் அங்கேயே நிற்கிறோம், கோபம் நம் மேல்தான் விழும். பயத்தில் கத்துகிறவரிடம், என்ன நடக்கிறது என்று இரண்டு வரி பொறுமையாகச் சொன்னால் பாதிப் பேர் அடங்கிவிடுவார்கள். ஆனால் யாராவது கை ஓங்கினால் பொறுத்துப் போகாதீர்கள். வெளியே வாருங்கள், ஆட்களைக் கூப்பிடுங்கள், எழுத்தில் புகார் கொடுங்கள். அடி வாங்குவது சேவையில் சேராது.

பெற்றோரிடம் ஒரு கோரிக்கை. நைட் டூட்டி முடிந்து தூங்குகிற பிள்ளையைப் பகலில் எழுப்பாதீர்கள். விருந்தாளி வந்தாலும் எழுப்பாதீர்கள். தூக்கம் கெட்ட கண்ணுக்கு ஆம்பியூலில் எழுதியிருப்பது தெரியாது.

கடைசியாக, நீங்கள் சந்திக்கப்போகும் முதல் மரணம். எனக்கு அது ஒரு பாட்டி. உறவினர்களை வெளியே உட்கார வைத்துவிட்டு, உடம்பைத் துடைத்து ஒழுங்குபடுத்த சீனியர் சிஸ்டரும் நானும் திரைக்குள் போனோம். எனக்கு அழுகை நிற்கவில்லை. அவர் வெந்நீரில் துணியைப் பிழிந்துகொண்டே, "பாட்டி, முகம் துடைச்சு விடறேன்" என்றார். நான் திடுக்கிட்டுப் பார்த்தேன். "பாட்டி, இப்ப இந்தப் பக்கம் திருப்புறோம், பயப்படாதீங்க" என்றார். உயிரோடு இருந்தபோது எப்படிச் சொன்னாரோ, அதே குரல். ஏன் சிஸ்டர் என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. விரிப்பின் மறுமுனையை என் பக்கம் நீட்டினார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு பிடித்தேன். "பாட்டி, விரிப்பை மாத்துறோம்" என்று அந்த முறை நான் சொன்னேன்.